பவர் வீடர் சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. காயில் மாற்றியும் தீரவில்லை

வாய்க்கால்மேடு:

வணக்கம். கோபி பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இரண்டே கால் ஏக்கர் வாழை வைத்திருக்கிறேன். களைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று மூன்று வருடத்துக்கு முன்பு பவர் வீடர் ஒன்று வாங்கினேன். 7 எச்.பி. பெட்ரோல் இன்ஜின், 212 சி.சி., கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் வகை, பேட்டரி எதுவும் கிடையாது. இரண்டு வருடம் குறை சொல்ல முடியாமல் ஓடியது. இந்த வருடம் உயிரை வாங்குகிறது.

ஸ்டார்ட் ஆகிவிட்டால் இருபது, இருபத்தைந்து நிமிடம் நன்றாக உழும். அப்புறம் திணறுவது, இருமுவது எதுவும் இல்லாமல் யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நின்றுவிடும். அதற்குப் பிறகு எத்தனை தடவை இழுத்தாலும் அசையாது, தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். வாழை நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்து இழுத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். மறுபடியும் கால் மணி நேரம். நாலு வரிசை முடிப்பதற்குள் மூன்று டீ ஆகிவிடுகிறது.

இதுவரை செய்தது: புது பிளக் போட்டேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், ஏர் ஃபில்டர் சுத்தம் செய்தேன். ஆயில் அளவு சரியாக இருக்கிறது. டவுனில் ஒரு கடையில் காட்டினேன், பார்த்ததுமே "சூடானா நிக்குதுன்னா காயில்தான்" என்று சொல்லி எண்ணூறு ரூபாய்க்குப் புதுக் காயில் மாட்டிக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே அதே கதை. திரும்பப் போனால் இப்போது கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதற்கும் பணத்தை எடுத்து வைப்பதற்கு முன்னால் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

இன்னொன்று, காயில் மாற்றுவதற்கு முன்பு காலையில் இரண்டாவது இழுப்பில் பிடித்துவிடும். மாற்றிய பிறகு ஐந்தாறு தடவை இழுக்க வேண்டியிருக்கிறது. அது வேறு கோளாறா, இதே கோளாறா என்று தெரியவில்லை.


சோளக்காடு:

டேங்க் மூடியைப் பாருங்கள். அதில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும், தூசியில் அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் சொட்டுக்கூட கீழே வராது. நின்ற பிறகு சும்மா விட்டால் மெல்ல மெல்லக் காற்று உள்ளே போய்ச் சரியாகிவிடும், நீங்கள் என்னவோ இன்ஜின் ஆறியதால் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். எங்கள் ஸ்பிரேயரில் இதே கூத்துதான் நடந்தது, ஒரு சீசன் முழுக்க ஏமாந்தோம். நின்றதும் மூடியைத் திறந்து மூடிவிட்டு உடனே இழுத்துப் பாருங்கள். காசு செலவில்லாத வேலை.

அப்புறம், இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். போன சீசன் மிச்சத்தை டேங்கிலேயே விட்டு வைத்திருந்தால் அதில் தண்ணீர் சேர்ந்திருக்கும், அதை முதலில் வடித்துவிடுங்கள்.


பழைய ஸ்பானர்:

சோளக்காடு சொல்வது நடக்கிற விஷயம்தான், மூடியைப் பார்த்துவிடுங்கள். ஆனால் பெட்ரோல் நின்றால் இன்ஜின் பட்டென்று நிற்காது, தம்பி. இரண்டு மூன்று தடவை தள்ளாடி, சத்தம் ஏறி இறங்கி, அப்புறம்தான் அடங்கும். சுவிட்சை அணைத்த மாதிரி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த வார்த்தை முக்கியம்.

ஒரே ஒரு கேள்வி. நின்ற அந்த நிமிடத்தில் பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று யாராவது பார்த்தார்களா? கடைக்கு எடுத்துப்போன பிறகு பார்த்திருந்தால் அது கணக்கில் வராது, அதற்குள் இன்ஜின் ஆறியிருக்கும்.

பார்க்கிற விதம்: சட்டைப் பையில் ஒரு பழைய பிளக்கை வைத்துக்கொள்ளுங்கள். நின்றதும் இன்ஜினில் இருக்கிற பிளக்கைக் கழற்ற வேண்டாம், கேப்பை மட்டும் உருவிப் பையில் இருக்கிற பிளக்கில் மாட்டி, பிளக்கின் மரை இன்ஜின் பாடியில் ஒரு போல்ட் தலையில் நன்றாகத் தொடும்படி வைத்து இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். ரப்பர் கேப்பை ஒரு காய்ந்த துணியால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லை என்றால் கை சொல்லும் கரண்ட் வருகிறது என்று. பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டைப் பக்கத்திலேயே பொறி பார்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளேயிருந்து பெட்ரோல் புகை பீய்ச்சும், அங்கே பொறியைக் காட்டுவது நல்லதல்ல. கேப்பை எதிலும் மாட்டாமல் அந்தரத்தில் விட்டு இழுப்பதும் கூடாது, வெளியே போக வழியில்லாத கரண்ட் காயிலுக்குள்ளேயே குதித்து அதைக் கெடுக்கும்.


வாய்க்கால்மேடு:

இன்று காலையில் பார்த்தேன் அண்ணா. இருபத்திரண்டாவது நிமிடம் நின்றது. டேங்க் மூடியைத் திறந்தேன், மாற்றம் இல்லை. பழைய பிளக்கை வைத்துத் தம்பியை இழுக்கச் சொன்னேன், சுத்தமாக ஒன்றும் இல்லை. ஏழெட்டுத் தடவை இழுத்தான். அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் அதே பிளக்கை வைத்து இழுத்தால் நீலமாக, சடக் சடக் என்று சத்தத்தோடு வருகிறது.

அப்போ புதுக் காயிலும் மோசமா? ஒரு வாரத்தில் இரண்டு காயில் கெட்டுப்போகுமா?


பழைய ஸ்பானர்:

இரண்டு காயில் ஒரே மாதிரி, ஒரே நிமிடத்தில் கெடாது. பெட்ரோலை இனி மறந்துவிடலாம், கரண்ட் மட்டும்தான். ஆனால் கரண்ட் வரவில்லை என்றதும் காயில் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள் பாருங்கள், உங்கள் எண்ணூறு ரூபாய் அங்கேதான் போனது.

இந்த இன்ஜினில் கரண்ட் எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஃப்ளைவீலில் ஒரு காந்தம் பதித்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது காயிலைக் கடக்கும்போது காயிலுக்குள் இருக்கிற தடித்த கம்பிச் சுற்றில் கரண்ட் உண்டாகும். சரியான நேரம் வந்ததும் உள்ளேயே இருக்கிற எலக்ட்ரானிக் சமாச்சாரம் அதை வெடுக்கென்று அறுத்துவிடும், அறுக்கிற வேகத்தில் மெல்லிய கம்பிச் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி பிளக்கில் பொறியாக விழும். வெளியிலிருந்து யாரும் கரண்ட் கொடுக்க வேண்டியதே இல்லை. அப்புறம் சுவிட்ச் எதற்கு? அணைப்பதற்கு மட்டும்தான். காயிலிலிருந்து ஒற்றை ஒயர் ஒன்று வெளியே வரும், பெரும்பாலும் கறுப்பு. அதை இன்ஜின் பாடியில் தொட வைப்பதுதான் சுவிட்சின் மொத்த வேலையும். தொட்டால் தடித்த சுற்றின் கரண்ட் எர்த்துக்கு ஓடிவிடும், அறுப்பதற்கு ஒன்றும் இருக்காது, பொறி வராது.

வீட்டு லைட் சுவிட்சுக்கு இது நேர் எதிர். அங்கே ஒயர் அறுந்தால் விளக்கு அணையும். இங்கே அந்தக் கறுப்பு ஒயர் அறுந்தால் இன்ஜின் நிற்கவே நிற்காது, எங்காவது பாடியில் தொட்டால்தான் நிற்கும். பவர் வீடரில் அந்த ஒயரோடு என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இன்ஜின் மேலேயே ஒரு சிவப்பு சுவிட்ச், ஹேண்டிலில் இன்னொரு சுவிட்ச், அதற்குக் குழாயோடு கட்டி இழுத்த நீள ஒயர், அப்புறம் ஆயில் குறைந்தால் இன்ஜினை நிறுத்துகிற சென்சார், அதிலிருந்து பெரும்பாலும் ஒரு மஞ்சள் ஒயர் வரும். இதில் எது பாடியைத் தொட்டாலும் காயில் செத்த மாதிரியேதான் நடிக்கும்.

அதனால் செய்ய வேண்டியது ஒன்றுதான். காயிலிலிருந்து வருகிற கறுப்பு ஒயர் இணைகிற புல்லட் கனெக்டரைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நின்றதும், ஆற விடாமல், அந்தக் கனெக்டரை உருவிவிட்டுப் பொறியைப் பாருங்கள். பொறி வந்துவிட்டால் காயில் சுத்தம், குற்றவாளி கனெக்டருக்கு அந்தப் பக்கம். வராவிட்டால் காயில், கேப், அல்லது காயிலுக்கும் கனெக்டருக்கும் நடுவே இருக்கிற சின்னத் துண்டு.

கவனம்: கனெக்டரை உருவிய நிலையில் இன்ஜினை ஓட்டினால் சுவிட்சில் நிற்காது. கிளட்ச் லிவரை விட்டுவிட்டு, சோக்கை முழுக்க மூடினால் நின்றுவிடும், பெட்ரோல் காக்கையும் மூடுங்கள். இதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். "ஒயரை வெட்டிவிட்டேன், பிரச்சினை தீர்ந்தது" என்று அப்படியே ஓட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள். பிளேடு சுற்றுகிற வண்டி, பின்னால் நடக்கிற கால், அவசரத்துக்கு அணைக்க முடியாது. பரிசோதனைக்கு மட்டும்தான் அது.

ஸ்டார்ட் ஆவது கஷ்டமானதற்குக் காரணம் வேறு. காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டு முடுக்கினார்கள்? கண்ணால் பார்த்து முடுக்கியிருப்பார்கள். இந்த வகை இன்ஜின்களில் 0.4 மி.மீ. அளவுக்கு இருக்க வேண்டும். அதிகமானால் மெதுவாகச் சுற்றும்போது பொறி பலவீனமாகிவிடும், கயிறு இழுப்பது மெதுவான சுற்றுதானே, வேகம் பிடித்துவிட்டால் தெரியாது. ஒரு விசிட்டிங் கார்டு போதும். காந்தம் காயிலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி வீலைத் திருப்பி, காயிலின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, கார்டைச் செருகி, காந்தத்தைக் காயிலுக்கு நேராகக் கொண்டுவந்தால் அதுவே காயிலை இழுத்து ஒட்டிக்கொள்ளும். அப்படியே முடுக்கிவிட்டு வீலைத் திருப்பினால் கார்டு வெளியே வந்துவிடும்.

நான் தொழில் பழகிய காலத்தில் மண்ணெண்ணெய் பம்ப்செட் இன்ஜின்களில் இந்த எலக்ட்ரானிக் எல்லாம் கிடையாது, ஃப்ளைவீலுக்கு அடியில் கரண்டை அறுக்கிற பாயின்ட்டும் அதோடு கண்டென்சரும் இருக்கும். கண்டென்சர் சூடானால் இப்படியேதான் நிற்கும். அந்தப் பழக்கத்தில்தான் இன்றும் சூடு என்றதும் பொருளை மாற்றச் சொல்கிறார்கள்.


ஏரிக்கரைத் தமிழன்:

நான் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் இருக்கிறேன். வீட்டைச் சுற்றி மூன்று ஏக்கர், ஒரு பழைய கார்டன் டிராக்டர் வைத்துப் புல் வெட்டுகிறேன், குளிர்காலத்தில் அதிலேயே பனி தள்ளுகிறேன். பழைய ஸ்பானர் அண்ணன் எழுதியதைப் படித்ததும் என் கதை நினைவுக்கு வந்தது. வண்டி வேறு, கோளாறு ஒன்றுதான்.

இந்த டிராக்டர்களில் இன்ஜினை நிறுத்துகிற அந்த ஒயரில் இன்னும் அதிகம் தொங்கவிட்டிருப்பார்கள். சாவி சுவிட்ச், பிரேக் பெடல் சுவிட்ச், பிளேடை இயக்குகிற பி.டி.ஓ. சுவிட்ச், அதற்கு மேல் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச். பிளேடு சுற்றும்போது ஆள் சீட்டிலிருந்து எழுந்தால் இன்ஜினை எர்த் செய்து நிறுத்திவிடும். என் வண்டி மேடு பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் வெடுக்கென்று ஒரு கணம் நின்று ஓடும், சில நேரம் முழுக்க நிற்கும். நான் பிளக், பெட்ரோல் ஃபில்டர், கார்புரேட்டர் என்று போய்க்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் நான் எடைக்கு ஒல்லி, சீட்டின் ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகியிருந்தது, ஒவ்வொரு குலுக்கலுக்கும் சீட்டு சுவிட்ச் ஆளைக் காணோம் என்று முடிவு செய்திருக்கிறது. மனைவி இன்றுவரை சிரிக்கிறாள்.

அந்த முட்டாள்தனத்துக்கு நடுவில் செய்த பெரிய முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். சாவி சுவிட்ச்சில் சந்தேகம் வந்து, பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கிறதே என்று வேறு ஒரு சுவிட்சை வாங்கி மாட்டினேன். பின்பக்கம் பி, எஸ், எம், ஜி, எல் என்று எழுத்துகள் இருக்கும். பி என்பது பேட்டரி, எஸ் ஸ்டார்ட்டர், எம் மேக்னெட்டோ, அதாவது அண்ணன் சொன்ன காந்தத்தில் ஓடுகிற காயிலின் ஒயர், ஜி எர்த், எல் விளக்கு. சாவியை அணைத்தால் எம்மும் ஜியும் உள்ளே ஒட்டிக்கொள்ள வேண்டும், ஓடும்போது எம் எதோடும் சேராமல் தனியாக நிற்க வேண்டும். நான் வாங்கியது கார் மாதிரி பேட்டரி காயிலுக்கான சுவிட்ச், சாவி போட்டதும் பன்னிரண்டு வோல்ட்டை நேராகக் காயிலின் ஒயருக்கு அனுப்பிவிட்டது. அதோடு காயில் போனது. நன்றாக இருந்த காயிலை நானே கொன்றேன். பேட்டரி வைத்த வண்டி என்றாலும் காயில் மேக்னெட்டோ வகையா, பேட்டரி வகையா என்று பார்க்காமல் அந்த ஒயரில் கரண்ட் கொடுக்காதீர்கள், டெஸ்ட் லைட்டை பேட்டரியோடு இணைத்துத் தொடுவதும்கூட வேண்டாம்.

கோலர் கம்பெனியின் பழைய கே வரிசை இன்ஜின்களில் பல பேட்டரி காயிலில் ஓடுபவை. அவற்றில் எல்லாமே தலைகீழ், அங்கே காயிலுக்குப் பன்னிரண்டு வோல்ட் வராவிட்டால்தான் நிற்கும். எந்த வகை என்று தெரியாமல் இணையத்தில் படித்ததைச் செய்தால் என் கதிதான்.

எலியையும் பாருங்கள். இங்கே குளிர்காலத்தில் ஃப்ளைவீல் உறைக்குள் கூடு கட்டி ஒயரைக் கடித்து வைக்கும்.


மீட்டர்பெட்டி:

பேச்செல்லாம் சரி, ஒரு மல்டிமீட்டர் இருந்தால் பத்து நிமிட வேலை இது. கனெக்டரை உருவியதும் மீட்டரைப் பீப் சத்தம் வருகிற நிலையில் வைத்து, ஒரு முனையை சுவிட்ச் பக்கம் போகிற ஒயரிலும் மற்றொன்றை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வையுங்கள். காயிலின் பக்கம் அளக்காதீர்கள், அங்கே உள்ளே இருக்கிற சுற்று எப்போதும் குறைந்த ஓம்தான் காட்டும், குழம்பிவிடுவீர்கள். சுவிட்ச் ஆன் நிலையில் பீப் வரக் கூடாது. வந்தால் எங்கோ தொடுகிறது. அப்புறம் ஹேண்டில் ஒயர், மஞ்சள் ஒயர், இன்ஜின் சுவிட்ச் என்று ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வாருங்கள், எதை உருவும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான். ஒயரைக் கையால் ஆட்டிக்கொண்டே அளக்க வேண்டும். முக்கியமாக, சூடாக இருக்கும்போதே.

ஆயில் சென்சார் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அது உள்ளே ஒரு மிதவை. ஆயில் அளவு விளிம்பில் இருந்து, வண்டி சரிவில் சாய்ந்து நின்றாலும் தொட்டுவிடும். சமதரையில் நிறுத்தி அளவைப் பாருங்கள்.


வாய்க்கால்மேடு:

மூன்று நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும், நடுவில் தார் வெட்டு இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பதினெட்டாவது நிமிடம் நின்றது. கனெக்டரை உருவினேன், தம்பி இழுத்தான், முதல் இழுப்பிலேயே பொறி. கனெக்டரை மாட்டினேன், பொறி இல்லை. உருவினேன், பொறி. இப்படி நாலு தடவை செய்துபார்த்தோம், தம்பிக்குக் கை வலி எடுத்துவிட்டது, ஆனால் எனக்கு நிறுத்த மனசு வரவில்லை. ஒரு மாதமாக ஆட்டிவைத்தது கையில் சிக்கிய சந்தோஷம்.

அப்புறம் மீட்டர். பக்கத்துத் தோட்டத்து எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் வாங்கி வந்திருந்தேன். சுவிட்ச் ஆனில் இருக்கும்போதே பீப் என்று ஒரே அலறல். ஹேண்டில் ஒயரை உருவினேன், அலறல் நிற்கவில்லை. எனக்கு அதன்மேல்தான் சந்தேகம், ஹேண்டிலை மடக்கி மடக்கி நசுங்கியிருக்கும் என்று நினைத்திருந்தேன். மஞ்சள் ஒயரை உருவினேன், நிற்கவில்லை. இன்ஜின் சுவிட்சையும் கழற்றிவிட்டேன். அப்போதும் அலறுகிறது! கிளைகள் எல்லாம் போன பிறகும் தொடுகிறது என்றால் கனெக்டருக்கும் சுவிட்சுக்கும் நடுவே இருக்கிற அந்த ஒன்றரை சாண் ஒயர்தான்.

கயிறு டப்பாவைக் கழற்றி, சிவப்பு உறையின் போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கினேன். உள்ளே ஒயர் போவதற்கென்று ஒரு சின்ன கிளிப் இருக்கிறது. ஒயர் கிளிப்பில் இல்லை. உறையின் விளிம்புக்கும் சிலிண்டர் தடுப்புக்கும் நடுவே மாட்டி, போல்ட்டுக்குப் பக்கத்தில் தட்டையாக, காய்ந்த மொச்சைத் தோல் மாதிரி நசுங்கிக் கிடந்தது. நசுங்கிய இடத்தில் மேல் தோல் பளபளவென்று மெலிந்து உள்ளே செம்பு தெரிகிறது, இரண்டு இழை வெளியே முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. உறையில் அது தொட்ட இடத்தில் குண்டூசித் தலை அளவுக்குக் கறுப்புப் புள்ளி. இன்ஜின் சூடாகும்போது பிளாஸ்டிக் இளகி இழை தொட்டிருக்கிறது, ஆறியதும் இறுகி விலகியிருக்கிறது. வெயிலில் வைத்து மீட்டரோடு விளையாடிப் பார்த்தேன், ஆறிக்கொண்டே வரும்போது பீப் விட்டு விட்டு வந்து ஒரு நேரத்தில் அடங்கிவிட்டது.

யார் நசுக்கினார்கள் என்று கேட்காதீர்கள். போன வருடம் மழைக்கு முன்னால் உறைக்குள் சருகும் தூசியும் அடைத்திருக்கிறது என்று நான்தான் திறந்து சுத்தம் செய்து மூடினேன். அதற்கு அடுத்த சீசனிலிருந்துதான் தொல்லை. கடையில் காயில் மாற்றியவரும் உறையைத் திறந்திருக்கிறார், அந்த ஒயரைப் பார்க்காமல் அதே இடத்தில் அதே மாதிரி மூடியிருக்கிறார். அவரைத் திட்டலாம் என்று நினைத்தேன், முதலில் என்னைத் திட்ட வேண்டியிருக்கிறது.

நசுங்கிய துண்டை வெட்டிப் புது ஒயர் சேர்த்து, பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்குகிற குழாய் போட்டு, கிளிப்பில் செருகி, கண்ணால் இரண்டு தடவை பார்த்துவிட்டு உறையை மாட்டினேன். காயில் இடைவெளியும் அண்ணன் சொன்னபடிதான். பழைய கல்யாணப் பத்திரிகையைச் செருகிப் பார்த்தேன், அது இரண்டு மடிப்பாகப் போனது. அவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள். கார்டு வைத்து முடுக்கினேன். நேற்று ஒன்றே முக்கால் மணி நேரம் நிற்காமல் ஓட்டினேன், நானாகத்தான் அணைத்தேன், இரண்டு சுவிட்சிலும் அணைத்துப் பார்த்தேன், நிற்கிறது. காலையில் இரண்டாவது இழுப்பு.

செலவு: ஒயரும் குழாயும் சேர்த்து நாற்பது ரூபாய். சோளக்காடு அண்ணா, டேங்கில் பழைய பெட்ரோல் இருந்தது உண்மைதான், வடித்தேன், அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. அதற்கும் நன்றி.

கழற்றிய பழைய காயில் வீட்டில்தான் இருக்கிறது. அது நன்றாகத்தான் இருக்கும் போல, அதையே திரும்பப் போட்டுவிட்டுப் புதியதை எடுத்து வைக்கட்டுமா?


சோளக்காடு:

ஆக தண்ணீர் இருந்தது. நான் சொன்னதில் பாதி சரி.


பழைய ஸ்பானர்:

ஓடுகிறதைக் கழற்ற வேண்டாம் தம்பி. பழையதைத் துடைத்து, இரும்புத் தகடு அடுக்கு இருக்கிற முகத்தில் துளி எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வையுங்கள். அந்தக் காயிலின் பிளக் கேப்பையும் கையோடு பார்த்துவிடுங்கள், இந்த வகையில் பலவற்றில் அது ஒயரின் நுனியில் திருகித்தான் ஏறியிருக்கும். திருகி எடுத்துப் பாருங்கள், உள்ளே பச்சையாகப் பூத்திருந்தால் ஒயரில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்பத் திருகுங்கள்.

புது ஒயர் சேர்த்த இடத்தை அடுத்த ஆயில் மாற்றும்போது ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். உறையை மூடும்போது ஒயர் எங்கே போகிறது என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு முடுக்குங்கள்.